பிளானில் பூங்கா... நேரில் கட்டடம்! ஃப்ளாட் வாங்கும் முன் வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

திருத்தணி: சென்னையில் வேலை, திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் பக்கம் சொந்த வீடு. தினமும் ரயிலில் போய் வரலாம் என்று கணக்குப் போடும் குடும்பங்களுக்கு முதலில் வந்து சேர்வது வாட்ஸ்அப்பில் ஒரு கலர் படம்தான். கட்டில் போட்ட பெட்ரூம், செடி வைத்த பால்கனி, கீழே பச்சைப் பசேல் என்று ஒரு பூங்கா. கூடவே, "இன்னும் ரெண்டே ரெண்டு ஃப்ளாட்தான் சார் இருக்கு" என்று ஒரு மெசேஜ்.

அந்தப் படத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா? கூடாது. விற்பனைக்காக வரையும் படம் வேறு, அரசு அலுவலகம் முத்திரை குத்திக் கொடுக்கும் வரைபடம் வேறு. சட்டத்தின் முன் நிற்பது இரண்டாவதுதான். பெரும்பாலானோர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறார்கள்.

9 நொடியில் தரைமட்டம்: நொய்டாவில் நடந்தது என்ன?

2022 ஆகஸ்ட் 28, மதியம் 2.30 மணி. உத்தரப் பிரதேச மாநிலம் நொய்டாவில் சுமார் 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் சில நொடிகளில் சரிந்து விழுந்ததை நாடே டிவியில் நேரலையாகப் பார்த்தது. சூப்பர்டெக் நிறுவனத்தின் 'எமரால்டு கோர்ட்' வளாகத்தில் எழுந்த அபெக்ஸ், சியான் என்ற அந்தக் கட்டடங்களை இடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

பிரச்னையின் வேர் ஒரு வரைபடம். முதலில் வந்தவர்கள் வீடு வாங்கியபோது பிளானில் அந்த இடம் பசுமைப் பகுதியாக இருந்தது. பிறகு பிளானைத் திருத்தி, அங்கே இரண்டு கோபுரங்களை எழுப்பினார்கள். பக்கத்துக் கட்டடத்துக்கும் புதிய கோபுரத்துக்கும் 16 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அங்கே இருந்ததோ 9 மீட்டர்தான். ஏற்கெனவே வீடு வாங்கியவர்களின் சம்மதமும் பெறப்படவில்லை.

குடியிருப்போர் சங்கத்தினர் பிளான் நகலைக் கேட்டபோது நொய்டா ஆணையம் அதைத் தரவில்லை. பில்டரிடம் ஒப்புதல் கேட்டது, பில்டர் மறுத்தார். உச்ச நீதிமன்றம் இதையும் கடுமையாகக் கண்டித்தது. சங்கம் 2012-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2014-ல் இடிக்க உத்தரவு வந்தது. 2021 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தக் கோபுரங்களில் பணம் போட்டவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு திருப்பித் தரவும் உத்தரவிட்டது.

ஒரு பிளானைக் கையில் வைத்துப் பேச 10 ஆண்டுகள் ஆயின. அதே கேள்வியை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டால்?

திருத்தணி போன்ற ஊர்களில் ஏன் கூடுதல் கவனம்?

"ரெரா இருக்கே, அவங்க பாத்துக்க மாட்டாங்களா?" என்று பலரும் கேட்பதுண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2017-ல் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் இதில் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் வரும் திட்டங்களும், 8 வீடுகளுக்கு மிகாத திட்டங்களும் பதிவு செய்யத் தேவையில்லை.

500 சதுர மீட்டர் என்றால் சுமார் 5,380 சதுர அடி. நம்ம ஊர்க் கணக்கில் 12 செண்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டே கால் கிரவுண்டு. சிறிய ஊர்களில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு என்று கட்டும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்ளேயே முடிந்துவிடும். அதாவது ரெரா இணையதளத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. பிளானைச் சரிபார்க்க வாங்குபவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

பதிவு செய்யப்பட்ட திட்டமாக இருந்தால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்திலேயே பார்க்கலாம்.

முதலில் மூலையைப் பாருங்க

ஒப்புதல் பெற்ற பிளான் கறுப்பு வெள்ளையில், நுணுக்கி நுணுக்கி எழுதிய எண்களோடு இருக்கும். பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் பாதி விஷயம் ஓரத்தில் இருக்கும் கட்டத்திலேயே கிடைத்துவிடும்.

• அனுமதி எண், தேதி, வழங்கிய அலுவலகத்தின் முத்திரை. இவை இல்லையென்றால் அது வெறும் படம்.

• சர்வே எண். பட்டாவிலும் தாய்ப் பத்திரத்திலும் இருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

• எத்தனை தளம், எத்தனை வீடு. 'ஸ்டில்ட் + 3' என்றால் கீழே தூண்களுக்கு இடையே பார்க்கிங், அதற்கு மேல் 3 மாடி.

• அளவுகோல். 1:100 என்று இருந்தால், தாளில் 1 செ.மீ. என்பது நேரில் 1 மீட்டர். நகல் எடுக்கும்போது தாள் சுருங்கியிருக்கலாம். அதனால் ஸ்கேல் வைத்து அளக்காமல், எழுதியிருக்கும் எண்ணையே நம்ப வேண்டும்.

• வடக்கு அம்புக்குறி. இது வாஸ்துவுக்கு மட்டும் அல்ல. ஏன் என்று கீழே பார்க்கலாம்.

பிளானில் 3 மாடி, நேரில் 4 மாடி என்றால், அந்த நாலாவது மாடிக்கு அனுமதியே இல்லை என்று பொருள். வங்கிக் கடன் கிடைப்பது சிக்கலாகும். 1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி சீல் வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் உண்டு. "பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்பார்கள். ஆனால் 2017-ல் அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டமே 2007 ஜூலை 1 வரை கட்டப்பட்ட கட்டடங்களுக்குத்தான்.

மனை வரைபடம்: கட்டடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது?

முழு மனையையும் மேலிருந்து பார்ப்பது போன்ற படம் இது. எல்லைக் கோடு, முன்னால் இருக்கும் சாலையின் அகலம், நாலு பக்கமும் விட வேண்டிய காலி இடம், சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் இதில் வரும். காலி இடத்தைத்தான் 'செட்பேக்' என்கிறார்கள்.

சாலை அகலத்தை நேரில் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கான பக்தர்கள் வரும் ஊர் திருத்தணி. அந்த நாளில் ஒரு ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ உள்ளே வர முடியுமா என்பதைச் சொல்வது அந்த எண்தான்.

அடுத்தது மட்டம். வீட்டின் தரை, சாலையைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பிளானில் குறித்திருப்பார்கள். குன்றுகள் சூழ்ந்த ஊரில் மனை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் அது கொஞ்சம் உயர்கிறது, வீடு கொஞ்சம் பள்ளத்துக்குப் போகிறது. பிறகு மழைத் தண்ணீர் எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பிளானில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கும் அந்தக் குழி, நேரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ளோர் பிளான்: படிக்கக் கற்றுக்கொள்ள 5 நிமிடம் போதும்

ஒரு மாடியை இடுப்புயரத்தில் கிடைமட்டமாக வெட்டி, மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஃப்ளோர் பிளான்.

• தடித்த இரட்டைக் கோடு என்றால் சுவர். வெளிச்சுவர் பொதுவாக 9 அங்குலம், உள் தடுப்புச் சுவர் நாலரை அங்குலம்.

• சுவரில் ஒரு இடைவெளி, அதிலிருந்து கால் வட்டம் என்றால் கதவு. அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கால் வட்டம் காட்டும். கட்டிலில் இடிக்குமா, பாத்ரூம் கதவும் பெட்ரூம் கதவும் மோதிக்கொள்ளுமா என்று இங்கேயே தெரிந்துவிடும்.

• சுவருக்குள் மெல்லிய கோடுகள் என்றால் ஜன்னல். கதவுக்கு டி, ஜன்னலுக்கு டபிள்யூ, வென்டிலேட்டருக்கு வி என்று ஆங்கில எழுத்துகளில் குறித்து, அளவுகளைத் தனி அட்டவணையில் தருவார்கள்.

• உள்ளே நிரப்பிய சிறு சதுரமோ செவ்வகமோ தென்பட்டால் தூண். அறையின் மூலையில் அது எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். பீரோ வைக்க நினைத்த இடமாகக்கூட இருக்கலாம்.

• குறுக்குக் கோடு போட்ட கட்டம் என்றால் பெரும்பாலும் மேலே திறந்த 'டக்ட்'. ஜன்னல் இருக்கிறது என்பதோடு விட்டுவிடாமல், அது தெருவைப் பார்த்துத் திறக்கிறதா, இந்த டக்டுக்குள் திறக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

"பத்துக்குப் பன்னெண்டு ரூம்" என்று புரோக்கர் சொல்வார். பிளானில் 3.00 x 3.60 மீட்டர் என்று இருக்கும். கணக்குப் போட்டால் 116 சதுர அடி, அதாவது சொன்னதைவிட 4 சதுர அடி குறைவு. பூச்சு வேலை முடிந்ததும் இன்னும் கொஞ்சம் சுருங்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டின் முதன்மை அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பு, 2.4 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. சுமார் 102 சதுர அடி, ஏறத்தாழ 8 அடி அகலம்.

கலர் படத்தில் இன்னொரு தந்திரமும் உண்டு. அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டிலையும் சோபாவையும் சின்னதாக வரைந்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக் கட்டிலின் அளவை எடுத்து, பிளானில் உள்ள அறை அளவில் வைத்துப் பாருங்கள். சுற்றி நடக்க இடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வடக்கு அம்புக்குறியும் திருத்தணி வெயிலும்

மே மாதம் வந்தால் தமிழ்நாட்டில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். இப்படிப்பட்ட ஊரில் பெட்ரூமின் வெளிச்சுவர் மேற்கே இருந்தால், மதியம் முழுக்க வெயிலைக் குடித்த சுவர் ராத்திரி முழுக்க அதை உள்ளே விடும். கரன்ட் பில்லில் அது தெரியும்.

அறையில் எதிரெதிர்ப் பக்கங்களிலோ, பக்கத்துப் பக்கச் சுவர்களிலோ இரண்டு திறப்புகள் இருந்தால் காற்று ஓடும். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்து இருந்தால் ஓடாது. மேல் தளத்தில் வீடு வாங்குபவர்கள் மொட்டை மாடியில் வெயில் தடுக்கும் ஓடு பதிக்கிறார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

இதோடு 'செக்‌ஷன்' என்ற படத்தையும் கேட்டு வாங்குங்கள். கட்டடத்தைக் கேக் போல மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் படம் அது. தரைக்கும் கூரைக்கும் இடையே எவ்வளவு உயரம் என்பது அதில்தான் தெரியும். வாழும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி இருக்க வேண்டும் என்பது தேசிய விதித்தொகுப்பின் அளவு.

சதுர அடிக் கணக்கு: எங்கே இடிக்கிறது?

'கார்பெட் ஏரியா' என்றால் வெளிச்சுவர்கள், குழாய் செல்லும் டக்ட், பால்கனி, தனி மொட்டை மாடி நீங்கலாக வீட்டுக்குள் பயன்படுத்தும் இடம். உள் தடுப்புச் சுவர்கள் இதில் சேரும். ரெரா சட்டம் தரும் விளக்கம் இது. 'சூப்பர் பில்டப்' என்பதில் படிக்கட்டு, லிப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் ஒரு பங்கு சேர்ந்துவிடும்.

ஒரு உதாரணம் பார்ப்போம்.

முதல் வீடு: 1,000 சதுர அடி சூப்பர் பில்டப், சதுர அடி ரூ.5,000. மொத்தம் ரூ.50 லட்சம். கார்பெட் 700 சதுர அடி. அப்படியானால் உண்மை விலை சதுர அடிக்கு ரூ.7,143.

இரண்டாவது வீடு: 900 சதுர அடி, ரூ.5,500. மொத்தம் ரூ.49.5 லட்சம். கார்பெட் 720 சதுர அடி. உண்மை விலை ரூ.6,875.

விளம்பரத்தில் சதுர அடிக்கு 500 ரூபாய் குறைவாகத் தெரிந்த வீடுதான் கடைசியில் விலை அதிகம்.

யுடிஎஸ், பார்க்கிங், மொட்டை மாடி

யுடிஎஸ் என்பது நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் பழசாகும், நிலம் நிற்கும். 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் 8 வீடுகள் என்றால், ஆளுக்கு 600 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 480 என்று இருந்தால், மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். நாளைக்கு மேலே இன்னொரு மாடி எழுப்ப நினைப்பவரின் பெயரிலும் இருக்கலாம்.

உயரமில்லாத சாதாரண அடுக்குமாடிகளுக்குத் தமிழ்நாட்டின் 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தரும் அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 4,800 சதுர அடி மனையில் கணக்கில் வரும் கட்டுமானம் 9,600 சதுர அடி. அகலமான சாலை இருந்தால் கட்டணம் செலுத்திக் கூடுதலாகப் பெறலாம். பிளானில் உள்ள பரப்புக் கணக்கை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரெரா சட்டப்படி மொட்டை மாடி, திறந்தவெளி வண்டி நிறுத்துமிடம், பூங்கா எல்லாம் பொது இடங்கள். ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை என்று 2010-ல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "டெரஸ் ரைட்ஸ் உங்களுக்கே" என்று யாராவது தனியாகக் காசு கேட்டால், கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

அழகான பிளான் இருந்தால் கட்டடம் உறுதியா?

இல்லை. 2014 ஜூன் 28-ல் சென்னை போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் உயிரிழந்தனர். ஆந்திராவிலிருந்து பிழைப்புக்காக வந்த தொழிலாளர்கள் பலர் அதில் இருந்தனர். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. அதன் இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அறை எங்கே, ஜன்னல் எங்கே என்பதைச் சொல்வது கட்டடக்கலை வரைபடம். தூண் எவ்வளவு தடிமன், அதற்குள் எத்தனை கம்பி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்வது கட்டமைப்பு வரைபடம். மண் பரிசோதனை அறிக்கையை வைத்துத்தான் அதைப் போட வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு வாங்கி, தனியாக ஒரு சிவில் இன்ஜினீயரிடம் காட்டுங்கள். அதற்கான கட்டணம், வீட்டு விலையில் ஒரு துளிதான்.

கீழே முழுக்கத் தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் கட்டடங்களில் இது இன்னும் முக்கியம். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில்கூட இப்படிக் கீழ்த்தளம் திறந்திருந்த அடுக்குமாடிகள் சரிந்தன.

எல்லை ஊரில் ஒரு கூடுதல் சரிபார்ப்பு

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன் சித்தூர் மாவட்டம். அதனால் நிலத்தின் மூலப் பத்திரங்கள் தெலுங்கில் இருக்கும் வாய்ப்பு உண்டு. மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, அதில் உள்ள எல்லைகளும் மனை வரைபடமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று, நகரி, புத்தூர் பக்கம் வாங்கினால் விதிகளும் வேறு, ரெரா ஆணையமும் வேறு. தமிழ்நாட்டு விதியை அங்கே பேச முடியாது.

அட்வான்ஸுக்கு முன்... சுருக்கமாக

1. முத்திரையிட்ட பிளானின் முழு நகலைக் கேளுங்கள். பில்டர் தயங்கினால், நகராட்சியிலோ அனுமதி கொடுத்த அலுவலகத்திலோ தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம்.

2. ரெரா சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது.

3. ஒப்புதல் பெற்ற பிளானையே ஒப்பந்தத்துடன் இணைக்கச் சொல்லுங்கள். கலர் படம் வேண்டாம்.

4. பிறகு உங்கள் வீட்டில் மாற்றம் செய்ய வேண்டுமானால் உங்கள் சம்மதமும், பொது இடத்தில் மாற்றம் செய்ய மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும் என்கிறது ரெரா சட்டத்தின் 14-வது பிரிவு. சாவி வாங்கி 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

5. ரெரா பதிவு தேவைப்படாத சிறிய திட்டம் என்றால், இவற்றையெல்லாம் ஒப்பந்தத்திலேயே தனித்தனி ஷரத்தாக எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டலாம். வீடு கட்டித் தருவதும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு சேவைதான்.

6. "சுயசான்று அனுமதி இருக்கு" என்று யாராவது சொன்னால் கவனம். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கிய அந்தத் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கானது. அடுக்குமாடிக்கு அல்ல.

20 வருஷத்துக்கு இஎம்ஐ கட்டப் போகிற வீடு. அந்த பிளானோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, கையில் ஒரு டேப்பும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டால் போதும். புரியாத கோடு ஏதாவது இருந்தால் பில்டரிடமே கேளுங்கள். நேர்மையாகக் கட்டுபவர் உட்கார வைத்து விளக்குவார். "அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதான் முக்கியம்" என்று பதில் வந்தால், அட்வான்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்தைப் பார்க்கக் கிளம்பிவிடலாம்.